1971 ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, பாபராக (பின்பக்கம் வெட்டிக் குட்டையாக்கிய கஸ்டம் பைக்) வெட்டியது: எந்த அளவுக்கு ஒரிஜினலுக்குத் திருப்பலாம்?

மூன்றெழுத்து_நம்பர்

வணக்கம். வண்டி திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350 ஜி2, 1971 பதிவு. பழைய மூன்றெழுத்து நம்பர். ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதோடு ஒத்துப்போகின்றன. ஆர்.சி. புதுப்பிக்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

முந்தைய உரிமையாளர் பாபராக மாற்றிவிட்டார். சீட்டுக்குப் பின்னால் உள்ள ஃப்ரேம் லூப் (வளைந்த குழாய்), ஷாக் அப்சார்பர் மேல் மவுண்டுக்கு 4 இன்ச் பின்னால் அறுக்கப்பட்டிருக்கிறது. காஸ்கெட் (ஹெட்லைட்டும் மீட்டரும் உட்காரும் முன்பக்க வார்ப்பு) இல்லை, பின்னாள் டிஸ்க் மாடல் ஃபோர்க், அதற்கு லேத்தில் கடைந்த மேல் யோக் (ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் துண்டு), தனி ஹெட்லைட். பின் சக்கரம் 16 இன்ச், அகல டயர். வயரிங் 12 வோல்ட். கார்புரேட்டர் வி.எம்.28, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். டேங்க் ஒரிஜினல்தான், ஆனால் மேலே கனமாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு). நாலு கியர் வலது கால் பெட்டியை யாரும் தொடவில்லை.

தொந்தரவுகள்: இரண்டு வாரம் நிறுத்தி எடுத்தால் 5 நிமிடம் நீலப்புகை, பிறகு நின்றுவிடும். டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரைத் திருகினால் அடியில் டக்டக் சத்தம். ஐட்லிங்கிலிருந்து திருகினால் ஒரு நொடி மூச்சடைத்துப் பிறகு பிடிக்கிறது.

பட்ஜெட் 1.2 லட்சம், அவசரம் கிடையாது. மாதம் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை 100 கி.மீ. ஓட்ட வேண்டும். முழு ஒரிஜினலா, தோற்றம் மட்டும் பழையதாக வைத்து உள்ளே 12 வோல்ட், நல்ல பிரேக்கா, அல்லது பாபராகவே விட்டு எஞ்சினை மட்டும் சரிசெய்வதா? எதை வைத்து முடிவு செய்வது?

பேப்பர்_முக்கியம்

மூன்றாவது வழியை முதலில் ஒதுக்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறும்படி எதையும் மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. லூப் அறுத்த வண்டியை ஆர்.சி. புதுப்பிக்க நிறுத்தினால் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பலாம். மூன்று வருடம் என்பது இந்த வேலைக்குப் போதுமான அவகாசம்தான், ஆனால் அதைத் தாண்ட விடாதீர்கள்.

முழு ஒரிஜினல் என்றதும் பலர் வின்டேஜ் பதிவைத்தான் நினைப்பார்கள். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சேசிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டிகளுக்கு அது கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டிக்கு வயது போதும். ஆனால் வின்டேஜ் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. ஞாயிறு சவாரி உங்களுக்கு முக்கியம் என்றால் சாதாரண ஆர்.சி.யிலேயே இருங்கள், ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நம்பர் பொறித்த இடத்தைப் பற்றி ஒன்று. ஃப்ரேமை மணல் அடிக்கக் கொடுக்கும் முன் ஸ்டியரிங் ஹெட் பக்கம் உள்ள சேசிஸ் நம்பர் மேல் தடித்த ரப்பர் வைத்து டேப் சுற்றுங்கள். அந்த இடத்தில் பெயிண்ட் ரிமூவரும் துணியும் மட்டும். பவுடர் கோட்டிங் கனமாக உட்கார்ந்தால் எழுத்து நிரம்பிவிடும், ஆர்.டி.ஓ.வில் பென்சில் பதிவு எடுக்க வராது. மங்கலாகத் தெரிகிறது என்று யாராவது மறுபடி பஞ்ச் அடிக்கத் தயாராக இருந்தால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு எழுத்தின் வடிவம் மாறினாலும் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். அதைத் துடைக்க வருடங்கள் ஆகும். வேலைக்கு முன்பே இரண்டு நம்பரையும் பென்சில் பதிவு எடுத்து, போட்டோவோடு ஆர்.சி. நகலில் ஒட்டி வையுங்கள்.

நூல்_பிடி

என்னைக் கேட்டால் ஒரே கேள்விதான்: எதை வெட்டினார்கள், எதைக் கழற்றி வேறு மாட்டினார்கள்? கழற்றியதெல்லாம் காசு கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். வெட்டியது அப்படியில்லை. உங்கள் வண்டியில் வெட்டு ஒரே இடத்தில்தான், அதுவும் ஷாக் மவுண்டுக்குப் பின்னால். எடையைத் தாங்கும் இடத்தில் கை வைக்கவில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் ஸ்டியரிங் ஹெட் பக்கம் சாய்வை மாற்றியிருக்கிறார்களா என்பது தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

ஹெட் லக்கை (ஃப்ரேம் குழாய்கள் ஸ்டியரிங் ஹெட்டில் சேரும் இடம்) சுற்றி ஒரு ஜாண் தூரம் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். ஃபேக்டரி இணைப்பு பித்தளைப் பற்றவைப்பு, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு தெரியும். அங்கே ஆர்க் வெல்டிங் மணிமணியாகத் தெரிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பித்தளை இருக்கிற இடத்தில் ஆர்க் வைத்தால் உருகிய செம்பு இரும்பின் உள்ளே இறங்கி மயிரிழை விரிசல் விடும். பார்வைக்கு நல்ல வெல்டிங், மேடு பள்ளத்தில் திடீரென்று விடும். அப்படி இருந்தால் இந்த ஃப்ரேமை வைத்து ரோட்டில் ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

அடுத்தது நூல். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, பின் டயரைச் சுற்றி இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நூல் கட்டி முன்னால் கொண்டுவாருங்கள். இப்போது பின் டயர் அகலம், முன் டயர் குறுகல், அதனால் முன்னால் நூல் டயரைத் தொடாது. இரு பக்க இடைவெளியும் சமமா என்று பார்த்தால் போதும். 19 இன்ச் சக்கரத்தில் 3.25 டயர் இரண்டு பக்கமும் வந்த பிறகு நாலு இடத்திலும் நூல் தொட வேண்டும். ஹெட் சாய்வுக்கு, வெட்டுப்படாத அதே வகை புல்லட் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, டேங்க் அடியில் உள்ள ஃப்ரேம் குழாய்க்கும் ஹெட்டுக்கும் உள்ள கோணத்தைப் போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பில் அளந்து ஒப்பிடுங்கள். ஃபோர்க்கில் அளக்காதீர்கள், அது உங்கள் வண்டியின் ஃபோர்க் இல்லை.

லூப்பை மீட்பது லேத் கடைக்கும் நல்ல டிக் வெல்டருக்கும் ஒரு நாள் வேலை. வெட்டிய குழாயின் வெளி விட்டம், சுவர் தடிமன் இரண்டையும் வெர்னியரில் அளந்து அதே அளவில் சீம்லெஸ் குழாய் வாங்குங்கள். ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் வெல்டிங்கைக் கெடுக்கும், புகையும் விஷம். இணைப்பின் உள்ளே 50 மி.மீ. நீளக் கட்டை ஒன்றை இறுக்கமாகக் கடைந்து, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் நுழைத்து, இரு பக்கமும் 8 மி.மீ. ஓட்டை போட்டு அதன் வழியே கட்டையைப் பற்றவைத்து, கடைசியாகச் சுற்று. மட்கார்டையும் சீட்டையும் மாட்டி அளவு வைத்து டாக் (பொட்டு வெல்டிங்) அடித்த பிறகுதான் முழு வெல்டிங். வெறும் குழாயை அளந்து வெல்ட் செய்தால் மட்கார்டு ஓட்டை 10 மி.மீ. தள்ளி நிற்கும், பிறகு மட்கார்டை நெம்ப வேண்டிவரும்.

16 இன்ச் அகல டயருக்காக ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தைத் தாங்கும் கவை) விரித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதையும் பாருங்கள்.

பிக்எண்ட்

எஞ்சினை இப்போதே பிரிக்காதீர்கள் தம்பி. நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவும் பிரிக்காமலே கண்டுபிடிக்கக்கூடியவை.

புகை முதலில். புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு ஒன்றாக வார்த்தது. நிற்கும்போது ஃபீட் பம்ப் டிஸ்க் வழியாக ஆயில் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கும். ஸ்டார்ட் ஆனதும் ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரியும், ரிட்டர்ன் பம்ப் உறிஞ்சி முடித்ததும் புகை நிற்கும். 5 நிமிடத்தில் நிற்கிறது என்பதே சிலிண்டர் போர் மேல் பழி போட வேண்டாம் என்கிறது. இரண்டு வாரம் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யாமல் அடி டிரெயின் போல்ட்டைத் திறந்து வருவதை அளந்து பாருங்கள். 100 மில்லிக்குள் என்றால் அப்படியே ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் டைமிங் கவரில் உள்ள பம்ப் டிஸ்க்கைக் கழற்றி, தடித்த கண்ணாடி மேல் நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து எட்டு போடுவது போலத் தேய்த்து, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரும்வரை சமப்படுத்துங்கள். டிஸ்க் உட்காரும் இடத்தையும் அப்படியே. பேஸ்ட் ஒரு துளிகூட உள்ளே தங்கக் கூடாது, தங்கினால் நேராக பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் அடி பேரிங்) போகும். மாட்டிய பிறகு ராக்கருக்குப் போகும் பைப்பின் பான்ஜோ போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சின் ஓடும்போது ஆயில் வருகிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

டக்டக் சத்தம். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்கூட்டி இருந்தாலும் வரும், பிக் எண்ட் போனாலும் வரும். முதலில் பாயிண்ட் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. வைத்து, அதற்குப் பிறகு டைமிங். கேப் மாறினால் டைமிங்கும் மாறும், வரிசை முக்கியம். அட்வான்ஸ் யூனிட் (வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் பாகம்) முழுக்கப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் மேல் எல்லைக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் ஓட்டை சாய்வு என்பதால் ஸ்போக் கம்பி விட்டு அளந்தால் தப்பு வரும், டயல் கேஜ் இரவல் வாங்குங்கள். அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் குண்டு எப்போதும் விரிந்தே நிற்கும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் அதுதான் காரணம். இவ்வளவும் சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கி கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் இருக்கலாம், மேல்கீழ் ஆட்டம் துளிகூட ஆகாது.

12 வோல்ட் ஆக்கியபோது இக்னிஷன் காயிலை மாற்றினார்களா? 6 வோல்ட் காயிலில் 12 வோல்ட் ஓடினால் காயில் சுடும், பாயிண்ட் கருகும், கேப் தானாக மாறும், டைமிங்கும் அதோடு போகும். காயில் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

மூச்சடைப்புக்கு வி.எம்.28 தான் காரணம். அது 500-க்கு உள்ளது. 346 சி.சி.க்கு வாய் பெரிதானால் குறைந்த வேகத்தில் காற்று மெதுவாக ஓடும், பெட்ரோலைத் தூக்காது. வி.எம்.24 போடுங்கள். 1971-க்கு அமல் மோனோபிளாக்தான் சரியான ஜோடி, ஆனால் சுத்தமான பாடி கிடைப்பது கஷ்டம், ஸ்லைடு தேய்ந்த மோனோபிளாக்கில் ஐட்லிங் கடைசிவரை நிற்காது. ஓட்டுகிற வண்டிக்கு வி.எம்.24-ஐத்தான் சொல்வேன்.

டேப்பெட் புஷ் ராடு வகை, எஞ்சின் குளிர்ந்த நிலையில் கேப் பூஜ்யம்: ராடு விரலில் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேல்கீழ் ஆடக் கூடாது. ஜப்பான் வண்டிப் பழக்கத்தில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி விட்டால் சத்தம் போடும்.

காஸ்கெட்_வீடு

முன்பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை, பணம் அதிகம் போகப்போவது அங்கேதான்.

பழைய புல்லட்டில் காஸ்கெட் என்பது ஹெட்லைட் மூடி கிடையாது. மேல் யோக்கே அதுதான். ஃபோர்க் குழாய் இரண்டும் மரையோடு அதற்குள் ஏறி நிற்கும். அதனால் காஸ்கெட் மட்டும் வாங்கி இப்போதுள்ள டிஸ்க் ஃபோர்க் மேல் உட்கார வைக்க முடியாது. காஸ்கெட், கீழ் யோக், குழாய்கள், ஃபோர்க் கால்கள், ஆக்ஸில் எல்லாம் ஒரே செட்டாக வேண்டும். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கும், ஆனால் நாலு வண்டியின் சாமான் சேர்ந்தால் குழாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது, ஃபோர்க் பிடித்துப் பிடித்து இறங்கும். ஒரே வண்டியில் கழற்றிய செட்டுக்கு அதிக விலை சொன்னாலும் கொடுத்துவிடுங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

காஸ்கெட் அலுமினிய வார்ப்பு. வாங்கும்போது பெயிண்ட் அடித்ததைத் தொடவே வேண்டாம். விரிசலை எபாக்சி வைத்து மூடி அடித்திருப்பார்கள். குழாயைக் கையால் மரையில் ஏற்றிப் பாருங்கள், கடைசிச் சுற்றுவரை தளர்வாகவே போனால் மரை தேய்ந்தது. ஆம்மீட்டர் ஓட்டையும் இரண்டு சின்ன விளக்கு ஓட்டையும் முட்டை வடிவமாகிவிட்டதா என்றும் பாருங்கள். அந்த இரண்டு விளக்கும்தான் புல்லட்டின் முகம்.

ஸ்டியரிங் குண்டு போடும்போது கிரீஸில் வரிசையாக அடுக்கி, ஒரு குண்டு அளவு இடம் காலி விட வேண்டும். அடைத்து நிரப்பினால் குண்டுகள் ஒன்றையொன்று உரசி கப்பில் பள்ளம் விழும்.

போல்ட் நட்டில் கவனம். அந்தக் கால மரை பிரிட்டிஷ் அளவு, பல இடங்களில் இன்ச்சுக்கு 26 மரை. அருகில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் மரையை அறுத்துவிடும். கழற்றும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த ஓட்டையின் பெயரெழுதிய கவரில் போடுங்கள்.

12 வோல்ட் விஷயத்தில் என் கட்சி தெளிவு: வைத்துக்கொள்ளுங்கள். 35 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடும், 12-ல் 3 தான். காஸ்கெட்டில் உள்ள பழைய சுவிட்ச் 6 ஆம்பியரில் சூடாகி, விளக்குக்குப் போய்ச் சேரும் முன்பே வோல்ட் குறைந்துவிடும். இருட்டில் ஓட்டுகிறவருக்கு மெழுகுவர்த்தி வெளிச்சம் எதற்கு? ஆம்மீட்டர் 12-லும் வேலை செய்யும், சின்ன சீல்டு பேட்டரி பழைய பெட்டிக்குள் மறைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

மூன்றெழுத்து_நம்பர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வார இடைவெளி விட்டுப் பார்த்தேன். ஹெட் லக் ஓரம் பித்தளைக் கோடு சுத்தம், ஆர்க் இல்லை. சாய்வு பக்கத்துத் தெரு 1974 வண்டியோடு ஒத்துப்போகிறது. நூலில் பின் சக்கரம் வலது பக்கம் 6 மி.மீ. தள்ளி நிற்கிறது. டிரெயினில் வந்த ஆயில் 340 மில்லி. காயிலில் 6 வோல்ட் என்றே எழுதியிருக்கிறது.

முன்பக்கம் பழைய செட், 12 வோல்ட் அப்படியே என்று நினைக்கிறேன். டிஸ்க் போய்விட்டால் பிரேக்?

நூல்_பிடி

6 மி.மீ. என்றால் ஸ்விங் ஆர்மைச் சந்தேகப்படும் முன் சக்கரத்தைப் பாருங்கள். அகல டயர் செயினில் உரசாமல் இருக்க ரிம்மை வலப்பக்கம் இழுத்து ஸ்போக் கட்டுவது வழக்கம். சக்கரத்தைக் கழற்றி, ஸ்விங் ஆர்மின் இரு முனையும் பிவட்டிலிருந்து சம தூரமா என்று அளந்தால் தெரிந்துவிடும். ஆர்ம் நேராக இருந்தால் 19 இன்ச் ரிம், 40 ஸ்போக்கோடு சக்கரம் கட்டியதும் 6 மி.மீ. மறைந்துவிடும். ரிம் வாங்கும்போது குரோமுக்கு அடியில் செம்பும் நிக்கலும் ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். நேரடிக் குரோம் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. ஸ்போக் நிப்பிள் ஓட்டையில்தான் துரு முதலில் எட்டிப் பார்க்கும்.

பின் ஸ்பிராக்கெட் டிரம்மோடு ஒன்றாக வார்த்தது, 38 பல். பல் கொக்கி போல வளைந்திருந்தால் டிரம்மோடு மாற்ற வேண்டும், அதையும் பட்ஜெட்டில் வையுங்கள்.

காஸ்கெட்_வீடு

பிரேக்குக்கு, பின்னாளில் ஃபேக்டரியே போட்ட 7 இன்ச் ட்வின் லீடிங் ஷூ டிரம். பார்வைக்குப் பழைய வண்டியோடு ஒட்டிப்போகும், பிடிப்பு நன்றாக இருக்கும். வாங்கும் முன் பிரேக் பிளேட்டின் காடி உங்கள் ஃபோர்க் காலில் உள்ள குமிழில் இறுக்கமாக உட்காருகிறதா, ஆக்ஸில் தடிமன் ஒத்துப்போகிறதா என்று கையில் வைத்துப் பாருங்கள். காடி ஆடினால் பிளேட் சுழன்று கேபிளை இழுத்துப் பூட்டிவிடும். இரண்டு கேமையும் இணைக்கும் ராடை, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் டிரம்மைத் தொடும்படி வைக்க வேண்டும். ஒன்று முந்தினால் பிரேக் ஒற்றை ஷூ போலத்தான் பிடிக்கும். லைனிங்கை டிரம் வளைவுக்குக் கடைந்து போடச் சொல்லுங்கள்.

கழற்றிய டிஸ்க் ஃபோர்க்கைத் தனித்தனியாக விற்காதீர்கள். சக்கரம், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் சேர்த்து ஒரே செட்டாகக் கொடுத்தால் நல்ல விலை வரும், அந்தப் பணமே முன்பக்கச் செலவில் பாதியைத் தாங்கலாம்.

பிக்எண்ட்

340 மில்லி என்றால் பம்ப் டிஸ்க் வேலை உறுதி. 12 வோல்ட் காயில், புது பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் சேர்த்து மாற்றி டைமிங் வைத்து, அந்த டக்டக் சத்தத்தை மறுபடி கேளுங்கள். பெயிண்ட், குரோம் எதையும் கொடுக்கும் முன் இந்த நிலையிலேயே 300 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ராடு செட் போட வேண்டும் என்று அப்போது தெரிந்தால் பணம் கையில் இருக்கும். குரோம் ஏற்றிய பிறகு தெரிந்தால் எஞ்சின் ஓரமாகக் கிடக்கும்.

எஞ்சின் கேஸை மணல் அடிக்க விடாதீர்கள். ஆயில் ஓட்டையில் ஒரு மணல் துகள் நின்றாலும் பிக் எண்ட் போச்சு. மண்ணெண்ணெய், பிரஷ், பொறுமை போதும்.

டேங்க் பட்டியைச் சுரண்டும்போது உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால். பழைய சீலர் கோட்டிங்கை அது உரித்து, தோல் தோலாகக் கார்புரேட்டருக்கு அனுப்பும். டேங்க் காக்கில் (பெட்ரோல் குழாய்த் திருகு) கார்க் இருந்தால் மாற்றுங்கள், பெட்ரோல் டியூப் வைட்டான் ரப்பரில் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.